ரொறன்ரோவில் ஈரப்பலா

ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக நடுவே நீண்டு கிடக்கும் செட்டிபாளையத்து மணலில் பிறந்து, வளவு மூலையில் நின்ற ஈரப்பலா மரத்தை ஒரு விசேஷமென்று ஒருநாளும் எண்ணாமல் வளர்ந்த எனக்கு, ரொறன்ரோ நகரத்திலே எக்ளிண்டன் மேற்கு வீதியிலுள்ள ஒரு பலசரக்குக் கடையில் அதே காய் குவியலாகக் கிடக்கக் கண்டபோது, பூமியின் மறுபக்கத்தில் உறவினர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தாற்போல் இருந்தது. அது நம்மவர் கடையன்று. ஜமேக்கா தேசத்தார் கடை. அந்நகரிலே அவர்களுடைய சாப்பாட்டைத் தேடி மருமகனோடு நான் அலைந்த சில தினங்களின் விருத்தாந்தமே இது.

முதற் பாடம் ஆகாரசாலையில் அல்ல, சுரங்க ரயில் நிலையத்தில் நடந்தது. “மாமா, முதல்ல பட்டி சாப்பிடுவம், மறுகா மத்ததைப் பாப்பம்” என்று மருமகன் என்னை ஸ்காபரோவிலுள்ள வார்டன் நிலையத்துக்கு அழைத்துச் சென்றான். வார்டனும் பாதர்ஸ்டும் அந்நகரத்தில், உள்ளே கறி வைத்து மாவால் மூடிய பட்டிக்குப் பிரசித்தி பெற்ற நிலையங்கள்; வேலைக்கு ஓடுகிற ஜனங்கள் கடுதாசிப் பையில் சூடாக வாங்கி நின்ற நிலையிலேயே உண்கிறார்கள். நம் தேத்தண்ணிக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் பிறைவடிவில் அடுக்கியிருக்கும் பற்றிஸுக்கு அது தமையன் முறையென்று சொல்லத் தக்கது. ஐரோப்பியர் கொண்டுபோன மாப்பண்டம் இரு தீவுகளிலும் இருவேறு விதமாகக் காரம் பெற்றது; நம்முடையது எண்ணெயில் பொரிந்தது, அவர்களுடையது மஞ்சள் நிற மேலோடு உதிர உதிர அடுப்பில் வெந்தது. அதையே கோக்கோ பிரெட் என்னும் மெத்தென்ற பணிஸை விரித்து நடுவே வைத்து உண்பாருமுண்டு. மாவுக்குள் மாவை வைத்துத் தின்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. ஆயினும் இரண்டாவது நாளும் வாங்கினேன்.

இந்தப் பட்டிக்காக ஒரு யுத்தமே நடந்திருக்கிறது. 1985ஆம் ஆண்டு கனடா மத்திய அரசின் பரிசோதகர்கள், மாட்டிறைச்சிப் பட்டி என்ற பெயர் சட்டப்படி வெறும் இறைச்சி வட்டத்துக்கே உரியது, மாவால் மூடிய பண்டத்துக்கு அப்பெயர் கூடாதென்று கடைக்காரர்களுக்கு உத்தரவிட்டார்கள். கென்சிங்டன் சந்தைப் பகுதியில் பட்டி செய்து விற்ற மைக்கேல் டேவிட்சன் முதலானோர் பணிய மறுத்தார்கள், பத்திரிகைகள் சிரித்தன, ஈற்றில் ‘ஜமேக்கன் பட்டி’ என்று பெயரிட்டு விற்கலாமென்று சமாதானமாயிற்று. பெப்ரவரி 23ஆந் தேதியை அந்நகரத்தார் பட்டி தினமாக நினைவு கூர்கிறார்கள். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் நம்மவர் இவ்வளவு வீரம் காட்டுவார்களோ என்பது எனக்குச் சந்தேகமே.

பட்டியால் பசி ஆறும். சாப்பாடென்று சொல்வதற்கோ எக்ளிண்டன் மேற்குக்கே போக வேண்டும். ஆலன் வீதியிலிருந்து மேற்கே கீல் வீதி வரை நீளும் அப்பகுதியைக் குட்டி ஜமேக்கா என்கிறார்கள். 1955இல் வீட்டு வேலைக்கென்று கரீபியன் தீவுகளிலிருந்து பெண்களை வரவழைத்த கனடா, 1967இல் நிறம் பாராமல் தகுதிக்குப் புள்ளியிடும் முறையைக் கொண்டுவந்த பின், ஜமேக்கா தேசத்தார் இந்தத் தெருவில் தையற்கடையும் சிகை ஒப்பனைக் கடையும் இசைத்தட்டுக் கடையும் வைத்து நிலைத்தார்கள். 2011இல் தெருவைத் தோண்டத் தொடங்கிய ரயில்பாதை வேலை ஆண்டுக்கணக்காய் நீண்டு, வேலியும் தூசியும் மறித்ததில் பல கடைகள் நொடித்துப் போயின. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டி விற்ற ராண்டிஸ் கடை 2022இல் மூடப்பட்டது. எஞ்சியிருக்கும் கடைகளில் உண்பது ஒருவகையில் அத்தெருவுக்குச் செய்யும் உபகாரம்.

கண்ணாடிக்குப் பின்னே ஆவி பறக்கும் தட்டங்கள். சிறியதா பெரியதா என்று கேட்டு, சோற்றின்மேல் குழம்பை ஊற்றித் தருவார்கள். அந்தச் சோறுதான் என்னை முதலில் வியப்பில் ஆழ்த்தியது. தேங்காய்ப்பாலில் பயற்றை அவித்து, அரிசியிட்டு, தைம் என்னும் வாசனைத் தழையும் போட்டு, மேலே ஒரு முழுக் கொச்சிக்காயை உடையாமல் மிதக்க விட்டு ஆக்குகிறார்கள். காய் வாசனையைத் தரவேண்டும், உடைந்தாலோ பானையே வாயில் வைக்க முடியாதது ஆகிவிடும். அவர்களுடைய ஸ்கொட்ச் பொனெட் கொச்சிக்காயின் காரம் அத்தகையது. பயறென்பது பெரும்பாலும் சிவப்பு அவரை. மார்கழிக் காலத்தில் ‘கங்கோ’ என்பதையிட்டு ஆக்குவார்கள். அந்தக் கங்கோ வேறொன்றுமன்று, நம் துவரையே. பாற்சோறென்றால் மங்கலத்துக்கு ஆக்குவதென்று பழகிய நமக்கு, கறியோடு உண்ணும் இந்தப் பாற்சோறு சற்று நேரம் மயக்கத்தைத் தரும்.

இனி ஆட்டுக்கறி. எலும்போடு வெட்டி, மஞ்சள் மிகுந்த கறித்தூளில் பிரட்டி, நெடுநேரம் வேகவைத்த அதை ஒரு வாய் உண்டதும், இது ஆபிரிக்காவின் கைப்பக்குவம் மாத்திரமன்று என்று விளங்கிற்று. அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய வெள்ளைத் துரைமார், 1845 மே மாதத்தில் பிளன்டெல் என்ற கப்பலில் முதல் ஒப்பந்தக் கூலிகளை ஜமேக்காவில் இறக்கினார்கள். 1917 வரை ஏறக்குறைய 36,000 இந்தியர் அவ்வாறு சென்றனர். அவர்களிற் பெரும்பாலோர் வட இந்தியர். நம் மலையகத்துத் தோட்டங்களின் கதையும் இதே காலத்துக் கதைதான். கூலிகள் கொண்டுபோன கறி இன்று அத்தீவில் கல்யாணத்துக்கும் இழவுக்கும் எல்லா ஜனங்களும் ஆக்கும் பதார்த்தமாகிவிட்டது. மிளகாயின் உறைப்பு முன்வராமல் மஞ்சளின் மணம் முன்வரும் அந்தக் கறியை நம் நாக்கு முதலில் குறை சொல்லும். சோற்றோடு பிசைந்தபின் சொல்லாது.

ஜெர்க் என்ற சுட்ட கோழிக்குக் கறுத்த தோலும் உள்ளே ஊறிய காரமுமே லட்சணம். கிராம்பும் கறுவாவும் சாதிக்காயும் ஒன்றாய் மணக்கும் பிமெண்டோ மணிகளை அரைத்துப் பூசி, அம்மரத்து விறகிலேயே சுடுவது, அடிமைத்தளையிலிருந்து தப்பி மலைக்காட்டில் ஒளிந்து வாழ்ந்த மரூன்களிடமிருந்து வந்த முறை. ரொறன்ரோவில் அவ்விறகு எளிதில் கிடையாமையால், எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கரியில் சுடுகிறார்கள். நகரின் கிழக்கே ஜெராட் வீதியிலுள்ள தி ரியல் ஜெர்க் என்ற உணவகத்தில்தான் ரிஹானா என்ற பாடகி 2016இல் தம் பாட்டொன்றுக்குப் படம் பிடித்தாராம். இளைஞர் கூட்டத்துக்கு அது போதிய காரணம். மாட்டுவால் குழம்பை எல்லோரும் புகழ்ந்தார்கள். நம் வீட்டு வழக்கத்தை உத்தேசித்து நான் விலகினேன். கோழிப் பட்டியும் மரக்கறிப் பட்டியும் குப்பைக்கீரை வதக்கலும் இருக்கையில் எவரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆம், அவர்கள் ‘கலலூ’ என்று கொண்டாடும் கீரை நம் குப்பைக்கீரைதான்.

ஜமேக்காவின் தேசிய உணவான அக்கீயும் உப்பு மீனும் காலையில் மட்டும் கிடைத்தது. அக்கீப் பழம் மரத்திலேயே தானாக வெடித்துத் திறக்க வேண்டும். அதற்கு முன் பறித்தால் விஷம். உப்பு மீனோ கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் காய்ந்து, ரம் மதுவுக்கும் சர்க்கரைப்பாகுக்கும் மாற்றாகத் தெற்கே போன பழைய வியாபாரச் சரக்கு. அதே கரைக்கடலில்தான் 1986 ஆகஸ்டில், உயிர்காக்கும் படகுகளில் மிதந்த 155 தமிழ் அகதிகளை மீனவர் மீட்டனர். மீன் அக்கரையிலிருந்து போனது, மனிதர் அக்கரைக்கு வந்தனர் என்று மருமகனிடம் சொன்னேன். அவன் உப்பு மீனை ஒதுக்கி வைத்து, நம் கருவாடு இதைவிட மேல் என்றான்.

கடைசி நாள் அந்த ஈரப்பலாவை வாங்கினேன். பசிபிக் தீவுகளிலிருந்து ஜமேக்காவின் அடிமைகளுக்கு மலிவான ஆகாரமாக, 1793இல் கப்டன் பிளை கப்பலேற்றிக் கொண்டுவந்த மரம் அது. கடைக்காரப் பெண்மணி, தோலோடு நெருப்பில் வாட்டி, கரியைச் சுரண்டி, வெண்ணெய் தடவி உண்ண வேண்டுமென்றார். எங்களூரில் துண்டு துண்டாய் வெட்டித் தேங்காய்ப்பாலில் ஆணம் வைப்போமென்றேன். அவர் தராசை நிறுத்திவிட்டு, ஒரு காய்க்கு எத்தனை தேங்காய் என்று கேட்டார்.