கேட்டறிவதும் ஒரு முதலீடே

தொழில் தொடங்குவோர் பணத்தைத் தேடி அலைகின்றனர். நல்ல வழிகாட்டியைத் தேடுவோர் சிலரே.

2008இல் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று இளைஞர்கள், வீட்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட உதவும் 'எயார்பிஎன்பி' நிறுவனத்தை ஆரம்பித்தனர். வருமானமோ சொற்பம். 2009இல் அவர்களுக்கு வழிகாட்டிய போல் கிரஹம், அறை கொடுப்போர் எங்கே அதிகம் என வினவினார். நியூயோர்க்கில் என்றனர். அப்படியாயின் அங்கே சென்று அவர்களைச் சந்தியுங்கள் என்றார். சென்றபோதுதான் அறைகளின் படங்கள் மோசமாயிருப்பது புரிந்தது. வீடு வீடாகச் சென்று தாமே நல்ல படங்கள் எடுத்தனர், வருமானம் உயர்ந்தது.

பாருங்கள், கிடைத்த முதலீட்டை விட அந்த ஒரு கேள்வியே பெரிதாயிற்று!

நீங்கள் வீட்டில் தையலோ பலகாரமோ தொடங்குவதாயின், அத்தொழிலில் அடிபட்டுத் தேறிய ஒருவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். புகழ்பவரையல்ல, குறையைச் சுட்டுபவரைத் தேடுங்கள். அவர் வழி காட்டுவார். நடக்க வேண்டியவர் நீங்களே.