செயின் சத்தம் எங்கிருந்து வருகிறது?

"செயின் லூஸாயிடுச்சுண்ணே, கொஞ்சம் டைட் பண்ணி விடுங்க." மெக்கானிக் கடை வாசலில் அன்றாடம் கேட்கிற பேச்சு இது. ஆக்சில் நட்டைத் தளர்த்தி அட்ஜஸ்டரைத் திருகினால் சத்தம் அடங்கும். சில வாரங்களில் மறுபடி கிளம்பும். நம்மூர் 100 சிசி வண்டிகள் பலவற்றில் செயினை முழுக்க மூடிய கவர் இருப்பதால், உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று பார்க்காமலே மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். கவரைக் கழற்றச் சொல்லிக் கேளுங்கள்.

தகடுகள் இழுபட்டு நீள்வதால்தான் செயின் தொங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தேய்வது, ஒவ்வொரு கணுவிலும் உள்ள பின்னும் அது சுழலும் புஷ்ஷும்தான். ஒரு கணுவில் 0.1 மி.மீ. தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. செயினில் நூறுக்கும் மேற்பட்ட கணுக்கள். எல்லாம் சேரும்போது 1 செ.மீ.க்கு மேல் நீளம் கூடிவிடுகிறது. எண்ணெய் வற்றிய செயினில் மண்ணும் மழைத் தண்ணீரும் புகுந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

இதை அளந்தே பார்க்கலாம். 428 ரகச் செயினில் ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடைவெளி 12.7 மி.மீ. செயினை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு 21 கணுக்களை எண்ணி, முதல் கணுவின் நடுவிலிருந்து கடைசிக் கணுவின் நடுவரை அளந்தால், புதுச் செயினில் 254 மி.மீ. வரும். 257-ஐத் தாண்டியிருந்தால் டைட் செய்து பயனில்லை, செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்த செட்டையே மாற்றுங்கள் என்பேன். வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே கணக்கு. அளக்க வழியில்லையா? பின்சக்கரத்தில் உள்ள பெரிய ஸ்ப்ராக்கெட்டின் பின்விளிம்பில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பல்லில் பாதி தெரியுமளவு எழும்பினால் அதன் ஆயுள் முடிந்தது.

பெரிய ஸ்ப்ராக்கெட்டை மட்டும் பார்த்து 'பல் நல்லாத்தான் இருக்கு' என்று முடிவுசெய்யக் கூடாது. சின்னதில் 14 பல், பெரியதில் 42 பல் என்றால், பெரியது ஒருமுறை சுற்றுவதற்குள் சின்னது மூன்றுமுறை சுற்றிவிடும். அதன் ஒவ்வொரு பல்லும் மூன்று மடங்கு அடி வாங்குகிறது. இன்ஜின் பக்க மூடியைத் திறந்து பாருங்கள்: பல் ஒருபுறம் குழிந்து, நுனி கூர்ந்து, கொக்கியாக வளைந்திருந்தால் தேய்மானம் முற்றிவிட்டது. பல்லின் பக்கவாட்டில் ஒருபுறம் மட்டும் பளபளவென்று உராய்ந்திருந்தால் சக்கரம் கோணலாக மாட்டப்பட்டிருக்கிறது. அட்ஜஸ்டர் மார்க்குகளை இருபுறமும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்து, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஓடும் செயினருகே கை வைத்து விரலை இழந்தவர்கள் உண்டு, ஆகவே இன்ஜினை ஓடவிட்டு இதைச் செய்யவே கூடாது. ஓரிடத்தில் விறைப்பும் வேறோரிடத்தில் தொய்வும் தெரிந்தால், செயின் சீரில்லாமல் தேய்ந்திருக்கிறது. தொய்ந்த இடத்தில் பார்த்து டைட் செய்தால், விறைப்பான இடம் வரும்போதெல்லாம் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பேரிங் இழுபடும்.

எல்லாச் சத்தத்துக்கும் செயினைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி முறுக்கும்போது 'டக்' என்று இடித்தால், பின்சக்கர ஹப்பில் உள்ள ரப்பர்கள் நைந்திருக்கலாம். பெரிய ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்து அசைத்தால் பக்கவாட்டில் ஆடுகிறதா? பேரிங்கைப் பாருங்கள். இவை இரண்டும் போயிருக்கும்போது புதுச் செயின் போட்டால் காசுதான் வீண்.

லிங்க் வெட்டிச் சரிசெய்வதை நான் ஏற்கவே மாட்டேன். மொத்த நீளம் குறையுமே தவிர, தேய்ந்த கணுக்களின் இடைவெளி அப்படியே இருக்கும். செயின் பல்லில் சரியாக உட்காராது. வேகத்தில் கழன்றால் பின்சக்கரமே பூட்டிக்கொள்ளும், இன்ஜின் கேஸும் உடையலாம். பழைய ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் மாட்டினாலும் அது சீக்கிரமே தேய்ந்துபோகும். மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். மாட்டி முடித்ததும் செயின் லாக்கை ஒருமுறை பாருங்கள்: அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும்.