வடத்தின் மறுமுனை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சுமார் 12 கிலோமீட்டர். நான் கார் ஓட்டப் பழகியது இந்தச் சாலையில்தான். இடப்பக்கம் மலை கூடவே வரும். வலப்பக்கம் உட்கார்ந்து நான் தடுமாற, பக்கத்து இருக்கையிலிருந்து அப்பா ஒரே பாடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: "ஸ்டியரிங்கக் கழுத்தப் பிடிக்கிற மாதிரி பிடிக்காதப்பா. லேசாப் பிடி. அது கைக்குச் சொல்லும்."

என்ன சொல்லும் என்பது ஓர் ஐப்பசி மழையில் புரிந்தது. வளைவு ஒன்றில் கொஞ்சம் வேகமாகவே நுழைந்துவிட்டேன். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஸ்டியரிங் மட்டும் சட்டென்று கனம் இழந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுத்தேன். அரை நொடியில் கனம் திரும்பி வந்தது, வண்டியும் பாதைக்கு வந்தது.

அன்று கைக்கு வந்த சேதிக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம்தான். வளைவில் அந்த உள்ளங்கை அளவு ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. முறுக்கு முன்பக்கம் குறைவாகவும் பின்பக்கம் அதிகமாகவும் இருப்பதால், பக்கவாட்டு விசை அந்த இடத்தின் நடுவில் விழாமல் சற்றுப் பின்னால் விழுகிறது. ஆகவே சக்கரம் எப்போதும் தன்னை நேராக்கிக்கொள்ளப் பார்க்கும். வளைவில் ஸ்டியரிங் கையை எதிர்த்துத் தள்ளுவது இதனால்தான். வேகம் கூடி டயர் தன் எல்லையை நெருங்கும்போது, பின்பக்க ரப்பர்தான் முதலில் வழுக்கத் தொடங்கும். விசை விழும் இடம் முன்னால் நகரும், எதிர்ப்பு குறையும், கை லேசாகும். பிடிமானம் முழுதாகப் போவதற்கு முன்பே இது நடந்துவிடுகிறது. டயர் கொடுக்கும் முன்னறிவிப்பு இது. கண்ணுக்கு வருவதைவிடத் தொடு உணர்வுக்கு மூளை சற்று வேகமாகவே பதில் சொல்லும். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஒரு கார் நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால், அந்தச் 'சற்று' எவ்வளவு பெரியது என்று தெரியும்.

கோடிகளில் விலைபோகும் இன்றைய சூப்பர் கார்கள் ஓட்டும் அனுபவத்தைக் குறைத்துவிட்டனவா என்ற கேள்வியை இந்த உள்ளங்கை அளவு ரப்பரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். குதிரைத்திறனிலிருந்து தொடங்கினால் வழி தவறிவிடுவோம்.

1987-இல் வந்த ஃபெராரி எஃப்40-இல் பவர் ஸ்டியரிங் இல்லை, பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லை. கோர்டன் மர்ரே வடிவமைத்து 1992-இல் வெளிவந்த மெக்லாரன் எஃப்1-இலும் இவை கிடையாது. ஓட்டுபவரின் இருக்கையை நட்டநடுவில் வைத்த கார் அது. 2005-இல் வந்த புகாட்டி வேய்ரான் 1001 குதிரைத்திறனோடு இரட்டை கிளட்ச் கியர்பெட்டியையும் கொண்டுவந்தது. அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக நிற்கும், கண் இமைக்கும் நேரத்துக்குள் மாறிவிடும். எந்த மனிதக் காலும் கையும் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. சில ஆண்டுகளில் ஃபெராரியும் லம்போர்கினியும் கையால் கியர் போடும் கார்களையே நிறுத்திவிட்டன.

இந்த வேகத்தை நம் சாலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். நின்ற இடத்திலிருந்து மூன்று நொடியில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் கார், அதற்குள் கடப்பது சுமார் 42 மீட்டர். ஊர்களுக்கு நடுவே போகும் சாலையில் 100 என்பதே அதிகம். ஆக அந்த என்ஜினின் வேலை 42 மீட்டரில் முடிந்துவிடுகிறது. மீதி 11 கிலோமீட்டர் 958 மீட்டருக்கு அது சும்மா இருக்க வேண்டும். அதே வேகத்தைத் தொட 25 நொடி எடுத்துக்கொள்ளும் பழைய கார் குறைந்தது 350 மீட்டராவது ஓடும். அதற்குள் ஓட்டுபவர் கியர்களை எல்லாம் போட்டு, என்ஜினின் குரல் கேட்டு, கிளட்ச்சை அளந்து விட்டு, ஒரு முழு வேலை செய்து முடித்திருப்பார். சக்தி கூடக் கூட, அதைத் தொட்டுப் பார்க்கும் நேரம் சுருங்கிவிடுகிறது. இந்தக் குறைக்கு மின்னணுக் கருவிகள் காரணமல்ல.

எது குறைக்கிறது, எது குறைக்கவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்க, 12 கிலோமீட்டர் போய் ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கலாம். ஆண்டாளும் ரெங்கமன்னாரும் ஏறிவரும் தேரை இழுக்கக் கை வைத்தவர்களுக்குத் தெரியும், தேர் நகர்வதற்கு முன் வடம்தான் முதலில் உயிர் பெறும். விறைக்கும், உள்ளங்கையில் அறுக்கும், அப்போதும் தேர் அசையாது. நிற்கும் பாரத்தைக் கிளப்புவதற்கு வேண்டிய விசை, அதை ஓடவைப்பதற்கு வேண்டியதைவிட அதிகம். பிறகு ஒரு சின்ன அதிர்வு வடத்தின் வழியே வரும். கூட்டத்தின் நடுவில் இருப்பவருக்குத் தேரே கண்ணில் படாது. ஆனாலும் தேர் கிளம்பிவிட்டது என்று கை சொல்லிவிடும்.

அந்தத் தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டையைச் சாய்த்துப் போட்டுத்தான் திருப்புவார்கள், நிறுத்துவதற்கும் முட்டுக்கட்டை போடுவார்கள். பேச்சில் நாம் 'முட்டுக்கட்டை போடாதே' என்று திட்டாகச் சொல்கிறோம். தேரடியில் அது உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் திறமை. உருளும் மலை போன்ற ஒன்றின் சக்கரத்தருகே குனிந்து, மரத்தின் முனகலைக் கேட்டு, கட்டையை எந்தக் கோணத்தில் செருகுவது என்று ஒரு நொடியில் முடிவெடுக்கிறவர்தான் என் கண்ணில் இந்த மாவட்டத்தின் மிகச் சிறந்த ஓட்டுநர்.

மரச்சக்கரங்கள் இருந்த இடத்தில் இப்போது இரும்புச் சக்கரங்கள், கூடவே ஹைட்ராலிக் பிரேக். திருவாரூர் ஆழித்தேருக்கும் இப்படியே, அங்கே திருச்சி பெல் நிறுவனத்தின் கைவண்ணம். இதனால் வடம் பிடிக்கும் அனுபவம் குறைந்ததா? நான் பார்த்தவரை இல்லை. பிரேக் தேரை நிறுத்த வேண்டியபோது மட்டும் குறுக்கே வருகிறது. வடத்தின் விறைப்பில் அது கை வைப்பதில்லை. ஆனால் திருவாரூரில் தேரைக் கிளப்பப் பின்னாலிருந்து புல்டோசர் தள்ளும். அது அவசியம்தான், அவ்வளவு பாரம். அப்படித் தள்ளும் நேரத்தில் முன்னால் வடம் பிடித்திருப்பவர் கையில் ஒரு கணம் வடம் தளரும். கை வடத்தில்தான் இருக்கும். தேர் அந்தக் கைக்கு எதுவும் சொல்லாது.

கார்களிலும் இந்த இரண்டும் வேறு வேறு. ஏபிஎஸ் என்பது தேரின் பிரேக் மாதிரி. அவசரத்தில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும், சறுக்கும் சக்கரத்துக்குத் திருப்பும் சக்தி கிடையாது. ஏபிஎஸ் ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சியையும் அளந்து, பூட்டப்போகும் தருணத்தில் அழுத்தத்தை விட்டுவிட்டுக் கொடுக்கிறது. 1978-இல் மெர்சிடிஸ் காரில் வந்தது, 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் கட்டாயமானது. அது ஓட்டும் சுகத்தைத் திருடுகிறது என்று யாராவது சொன்னால், மழையில் மாட்டு வண்டிக்குப் பின்னால் சக்கரம் பூட்டிச் சறுக்கியிருக்கிறீர்களா என்று கேட்பேன்.

பந்தய உலகம் இதைவிடக் கடுமையாக யோசித்தது. வளைவுக்கு ஏற்பத் தானே நிமிர்ந்து தாழும் சஸ்பென்ஷனை ஃபார்முலா ஒன் 1993-ஆம் ஆண்டோடு தடை செய்தது. சக்கரம் வழுக்காமல் என்ஜின் சக்தியைக் கணினியே குறைக்கும் இழுவைக் கட்டுப்பாடு 2008-இலிருந்து கிடையாது. இந்தத் தடையின் இரு கரையிலும் ஓட்டியவர் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். 2005-இல் அவர் ஜோர்டன் அணியில் ஓட்டியது இழுவைக் கட்டுப்பாடு அனுமதிக்கப்பட்ட காலம். 2011, 2012-இல் ஹெச்ஆர்டி அணியில் அந்த வேலை முழுக்க அவருடைய வலது காலின் பொறுப்பு. சறுக்கலின் விளிம்பை உணர்வது ஓட்டுநரின் வேலை, அதைக் கணினிக்குக் கொடுத்துவிட்டால் போட்டி பொறியாளர்களுக்குள் நடப்பதாகிவிடும் என்று பந்தய நிர்வாகமே முடிவு செய்திருக்கிறது. எனக்கு அது முழுச் சம்மதம். பந்தயத்தில் மட்டும். நம் சாலையில் அந்தக் கட்டுப்பாடு இருப்பதே நல்லது.

அப்படியானால் கார்களில் அந்தப் புல்டோசர் எங்கே வருகிறது? முதலில் ஸ்டியரிங்கில். என்ஜின் ஓட்டும் பம்பு எண்ணெயைத் தள்ளி உதவிய காலத்தில் சாலையின் நடுக்கம் அந்த எண்ணெய் வழியாகவும் கைக்கு வந்தது. பம்பு எந்நேரமும் சுழன்று எரிபொருள் குடிப்பதால், தேவைப்படும்போது மட்டும் மின்மோட்டார் உதவும் முறைக்குப் பெரும்பாலோர் மாறினார்கள். 2011-இல் போர்ஷே 911-உம் மாறியது, ரசிகர்கள் கொதித்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. மோட்டாரின் பற்சக்கரங்களும் மென்பொருளும் குழிகளின் குலுக்கலைக் கழிக்கும்போது, டயரின் அந்த மெல்லிய முன்னறிவிப்பும் சேர்ந்து கழிந்துபோகக் கூடும். அடுத்தது சத்தம். 2011-இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5, என்ஜினின் உறுமலை ஸ்பீக்கர் வழியே காருக்குள் கூட்டிக் கொடுத்தது. 2023-இல் ஹூண்டாய் ஐயோனிக் 5 என் என்ற மின்கார் வந்தது. அதில் மாற்றுவதற்கு கியரே இல்லை. ஆனாலும் கியர் மாற்றுவதுபோல் ஒரு குலுக்கலையும் ஒலியையும் உண்டாக்கிக் காட்டும். ஓட்டியவர்கள் பலர் அதை ரசிக்கிறார்கள். உடம்பு எதைத் தேடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

தேடல் உண்மையானது என்பதால் சிலர் திரும்பியும் வந்திருக்கிறார்கள். தானியங்கிக் கியர் மட்டும் என்று 2013-இல் அறிவிக்கப்பட்ட போர்ஷே 911 ஜிடி3, 2017-இல் மறுபடி கிளட்ச் மிதியோடு வந்தது. கோர்டன் மர்ரே 2020-இல் காட்டிய டி.50 காரின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு, ஆறு கியரையும் கையால்தான் போட வேண்டும், இருக்கை மறுபடியும் நட்டநடுவில்.

எதிர்த்திசையிலும் ஓட்டம் நிற்கவில்லை. டெஸ்லா சைபர்டிரக்கில் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தண்டே கிடையாது, கம்பி வழியே போகும் மின்சைகை மட்டும்தான். கையில் உணரும் கனத்தை ஒரு மோட்டார் தருகிறது. எந்த அதிர்வைக் கைக்கு விடுவது, எதை மறைப்பது என்பதைப் பொறியாளர் ஒருவர் மேசையில் உட்கார்ந்து எண்களில் எழுதுகிறார். டயரின் பின்பக்க ரப்பர் வழுக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் கனத்தைக் குறைக்க வேண்டும் என்று அவர் எழுதலாம். பயணிக்குச் சொகுசாக இருக்கட்டும் என்று எழுதாமலும் விடலாம். அந்தக் காரை ஓட்டிப் பழகப்போகும் பிள்ளைக்கு, லேசாப் பிடி, அது கைக்குச் சொல்லும் என்று அப்பா சொன்னதை நான் சொல்ல முடியுமா என்பது அவர் எழுதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.