வீட்டு மின்பலகைக்கு மின்னல் காப்பு

சித்திரை, ஐப்பசி மாதங்களில் இடிமழை மிகுதி. மின்கம்பிக்கு அருகில் மின்னல் விழினும், கணநேரத்தில் பல்லாயிரம் வோல்ட் வீட்டினுள் பாய்ந்து சாதனங்களைப் பழுதாக்கும். அதனை எர்த்துக்குத் திருப்பும் கருவியே மிகையழுத்தக் காப்பான்.

இதனை மெயின் சுவிட்சுக்கு அடுத்து அமைத்தல் வேண்டும். பொதுவாக இரண்டாம் வகை போதும். கூரையில் இடிதாங்கி உள்ள வீட்டுக்கு முதல் வகையும் அவசியம். 230 வோல்ட் இணைப்புக்கு, இடைவிடாது 275 வோல்ட்டேனும் தாங்குவதையும், உள்ளே விடும் அழுத்தம் 1,500 வோல்ட்டுக்கு மேற்படாததையும் தேர்ந்தெடுத்தல் நலம்.

இணைப்புக் கம்பிகளின் மொத்த நீளம் அரை மீட்டரைத் தாண்டலாகாது. நீளுந்தோறும் காப்புக் குறையும். எர்த் செவ்வையாயிராவிடில் விலையுயர்ந்த காப்பானும் வீணே. அடையாளச் சாளரம் பச்சை மாறிச் சிவந்தால், உடனே புதிது பொருத்துதல் வேண்டும். பம்பு மோட்டார் தனி இணைப்பாயின், அதற்கும் வேறு காப்பான் தேவை. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே, மழைக்காலத்துக்கு முன்னரே இவ்வேலையை முடித்துக்கொள்வது குடியானவர்களுக்கு நன்மை பயக்கும்.