தூரிகையும் தளர்ந்த கையும்

ஓவியம் என்றதும் நம்முட் பெரும்பாலோர் ஓவியனுடைய கையையே முதலில் நினைக்கின்றோம். கைவண்ணம் என்றும் கைத்திறன் என்றும் புகழ்கின்றோம். அவ்வாறாயின், கையை இழந்தவரும், கை இருந்தும் அது தம் சொற்கேளாதவரும் இக்கலையில் இன்பங் காண்பது எங்ஙனம்? காணலாம் என்று வாயளவில் ஆறுதல் கூறுவது எளிது. எதனால் காணலாம், எவ்வாறு காணலாம் என்று காரணங் காட்டுவதே நேயர்களுக்குப் பயன்படும். ஓவிய வகைகளுள் நீர்வர்ண ஓவியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதனை ஆராய்வோம்.

நீர்வர்ணம் என்பது நுண்ணிய நிறப்பொடியை வேலமர இனத்தின் பிசினோடு சேர்த்துச் செய்யப்படுவது. நீர் பட்டதும் கரையும், கடதாசியிலே பரவும், நீர் உலர்ந்ததும் அங்கேயே பற்றிக்கொள்ளும். அதனை அழுத்தித் தேய்க்க வேண்டுவதில்லை. ஈரத் தூரிகையின் நுனி கடதாசியைத் தொட்டாற் போதும். எஞ்சிய வேலையில் ஒரு பங்கை நீரே செய்துவிடும். முன்னரே நனைத்த கடதாசியில் ஒரு துளி நீலத்தை விட்டால் அது தானே விரிந்து வானமாகின்றது. பலகையைச் சற்றே சாய்த்தால் வர்ணம் சாய்ந்த பக்கம் வழிந்து செல்கின்றது. விரல்களில் வலுக் குறைந்தவருக்கு இத்தகைய துணை வேறு வர்ணத்தில் எளிதிற் கிடைப்பதன்று. தைலவர்ணத்துக்கு வேண்டும் நெடி மிகுந்த எண்ணெய்களும் இதற்கு வேண்டா; ஒரு கோப்பை நீர் போதும். படுக்கையிலே கிடப்பவருக்கும் வாயினாலே தூரிகையைப் பற்றுபவருக்கும் இது சிறிய வசதியன்று.

ஆயினும் நீர்வர்ணம் எளிய கலை என்று எண்ணிவிடலாகாது. அது ஊடு தெரியும் வர்ணம். ஒருமுறை தீட்டியதை முற்றாக மறைத்து மறுமுறை தீட்டுதல் அரிது. படத்திலே தோன்றும் வெண்மை பெரும்பாலும் கடதாசியின் வெண்மையே. எதனைத் தீட்டுவது என்பதைக் காட்டிலும் எதனைத் தீட்டாது விடுவது என்பதையே ஓவியர் முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவைச் செய்வது கையா? அன்று, கண்ணும் மனமுமே. ஓவியத்தின் பெரும்பகுதி தூரிகை கடதாசியைத் தொடுமுன்னரே நிகழ்ந்துவிடுகின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, வாழ்ந்து காட்டிய சிலரைப் பார்ப்போம். இங்கிலாந்தின் சமர்செற் பகுதியில் 1784ஆம் ஆண்டு சாரா பிபின் என்னும் பெண் பிறந்தார். பிறப்பிலேயே கைகளும் கால்களும் அமையப் பெறாதவர். வாயினாலும் தோளினாலும் தையலையும் எழுத்தையும் ஓவியத்தையும் தாமே பயின்றார். இளம் பருவத்திலேயே ஒரு காட்சிக்காரர் அவரை ஒப்பந்தஞ் செய்து ஊர்ச் சந்தைகள்தோறும் கொண்டு சென்றார். மக்கள் காசு கொடுத்து வந்தனர். ஆனால், ஓவியத்தைப் பார்ப்பதற்காக அன்று, ஓவியரைப் பார்ப்பதற்காக! பின்னர் மோட்டன் பிரபு என்பவர் அவருடைய திறமையை உணர்ந்து, தேர்ந்த ஓவியரிடம் பயிற்சி பெற உதவினார். யானைத் தந்தத் தகட்டிலே நீர்வர்ணத்தால் சிற்றுருவப் படங்கள் தீட்டுவதில் அவர் வல்லவரானார். தந்தம் நீரை உறிஞ்சாது. வர்ணம் வழுக்கி ஓடும். மிக நுண்ணிய தொடுகைகளாலே சிறுகச் சிறுகக் கட்டவேண்டும். கையுடையவருக்கும் கடினமான அந்த வேலைக்காக 1821ஆம் ஆண்டில் இலண்டன் கலைச் சங்கத்தின் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. தம்மைத் தாமே தீட்டிய படத்தில், ஆடையின் தோட்பகுதியிலே பொருத்திய தூரிகையையும் மறையாது காட்டியிருக்கின்றார். 1850இல் அவர் மறைந்தார்.

பவுல் கிளே என்னும் புகழ்பெற்ற ஓவியரின் நிலை வேறு. 1914இல் துனீசியா நாட்டுக்குச் சென்று ஒளிமிக்க நீர்வர்ணப் படங்கள் தீட்டியவர் அவர். 1935இல் தோலை இறுகச் செய்யும் கொடிய நோய் அவரைப் பற்றியது. 1936இல் அவரால் மிகச் சில படங்களே தீட்ட முடிந்தது. அத்தோடு முடிந்தது என்று எவரும் எண்ணியிருப்பர். ஆனால் 1939ஆம் ஆண்டில் மட்டும் ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட ஆக்கங்களை அவர் படைத்தார். முன்னைய மெல்லிய கோடுகளுக்குப் பதிலாகத் தடித்த கோடுகள் சிலவே பல படங்களில் இடம்பெற்றன. உடல் மாறியபோது கலையும் வேறொரு வடிவங் கொண்டது. மறு ஆண்டே அவர் காலமானார்.

மூன்றாமவர் நம் காலத்தவர். யப்பானின் குன்மா மாவட்டத்தைச் சேர்ந்த தொமிகிரோ ஹொஷினோ உடற்பயிற்சி ஆசிரியர். 1970இல், ஆசிரியப் பணியேற்ற சில மாதங்களுக்குள், மாணவர்க்குப் பயிற்சி காட்டும்போது வீழ்ந்து கழுத்தெலும்பு முறிந்தது. கழுத்துக்குக் கீழே உடல் அசைவற்றது. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மருத்துவமனையிலே கிடந்தார். 1972இல் வாயிலே எழுதுகோலைப் பற்றி எழுத முயன்றார். பின்னர், தம்மைக் காண வந்தோர் தலைமாட்டிலே வைத்துச் சென்ற மலர்களைத் தீட்டத் தொடங்கினார். ஓடியாடிய காலத்தில் உற்று நோக்காத மலர்கள் அவை. ஓர் இதழின் விளிம்பையும் ஓர் இலையின் நரம்பையும் நாட்கணக்கிலே பார்த்துத் தீட்டினார். பக்கத்திலே சிறு கவிதையும் எழுதினார். 1991இல் அவருடைய சொந்தக் கிராமத்திலே அவருடைய படங்களுக்கென ஓர் அரும்பொருட் காட்சியகம் திறக்கப்பட்டது. 2024இல் அவர் மறைந்தார்.

இவர்களைப் பின்பற்ற விழையும் நேயருக்குச் சில நடைமுறைக் குறிப்புகளைக் கூறுவோம். விரல்கள் மடங்காதவர் தூரிகைக் காம்பின்மேல் துணியையோ பழைய சைக்கிள் ரியூபையோ சுற்றித் தடிப்பாக்கினால் பிடி எளிதாகும். பிடிக்கவே இயலாதவர் பட்டி கொண்டு உள்ளங்கையோடு அதனைப் பிணைக்கலாம். கை நடுங்குவோர் முழங்கையை மேசையில் ஊன்றுதல் நன்று. சிறிய தூரிகையை விடப் பெரிய தூரிகையே அவருக்கு உதவும். கடதாசியைப் பலகையில் நான்கு புறமும் ஒட்டிவிட்டால் அதனைப் பிடிக்க இன்னொரு கை வேண்டியதில்லை. கவிழாத அகன்ற பாத்திரத்தில் நீரை வைக்கவேண்டும். வாயினால் தீட்டுவோர் நீண்ட காம்பைத் தெரிந்து, பற்கள் படும் இடத்தில் மென்மையான உறை இடவேண்டும். சில நிறப்பொடிகள் நஞ்சுடையன. ஆதலின் மயிர்நுனியை நாவினால் நனைத்துக் கூர்மையாக்கும் வழக்கத்தை எவரும் கைக்கொள்ளலாகாது. களைப்பு வருமுன்னே நிறுத்துதல் யாவர்க்கும் பொது. ஒரு பூச்சு உலரும் வரை காத்திருக்க வேண்டியது இக்கலையின் இயல்பாதலால், அந்த ஓய்வு எவருக்கும் குறையாகத் தோன்றாது.

உடனிருப்போருக்கும் ஒரு சொல். நீரை மாற்றிக் கொடுங்கள். கேட்ட வர்ணத்தைக் குழைத்துக் கொடுங்கள். கேளாதபோது திருத்தங் கூறாதீர்கள். "இந்த நிலையிலும் இவ்வளவு செய்தாரே" என்று வியப்பதை விட, "இந்த நிழலுக்கு ஏன் ஊதா இட்டீர்கள்?" என்று வினவுவதே ஓவியருக்கு நீங்கள் செய்யும் மரியாதை. முன்னையது அவருடைய குறையைப் பார்க்கின்றது; பின்னையது அவருடைய படத்தைப் பார்க்கின்றது.

2009இல் முடிவுற்ற நெடும்போரிலே உறுப்பிழந்தோர் பலர் நம் நாட்டில் உளர். நோயாலும் விபத்தாலும் முடங்கியோரும் உளர். தெருவில் இறங்கினால் எல்லாருடைய கண்களும் தம்மீதே பதிவதை அவர்கள் நன்கறிவர். சாரா பிபினைச் சந்தைக் கொட்டகையிலே சூழ்ந்த கண்களும் அத்தகையனவே. தூரிகையை எடுத்த கணத்தில் அந்நிலை மாறுகின்றது. அதுவரை பார்க்கப்படுபவராக இருந்தவர் அப்போது பார்ப்பவராகின்றார். முற்றத்துச் செவ்வரத்தையும், யன்னலோரத்து வெயிலும், மழைக்கு முன் கறுக்கும் வானமும் அவருக்காகக் காத்திருக்கின்றன. படம் சுவரிலே தொங்கத் தக்கதாக அமையுமா என்பது பிறகு வரும் கேள்வி. ஒரு மலரை ஒரு மணிநேரம் உண்மையாகப் பார்த்திருத்தலே இக்கலை தரும் முதல் இன்பம். அதனை நுகர்வதற்குக் கை வேண்டுவதில்லை.