மணமறி தேர்வு

ஊறும் சுவையும் உணரும் ஆற்றலோடு நாற்றம் உணரும் ஆற்றலும் பெற்றவற்றை மூவறிவு உயிர்கள் எனத் தொல்காப்பியம் வகுக்கிறது. அம்மூன்றாம் அறிவு குன்றினால் கெட்டுப்போன உணவும் கசியும் எரிவாயுவும் நமக்குப் புலப்படா. பார்க்கின்சன் நோயில் கைநடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மணமறியும் திறன் குறைவதுண்டு. ஆகவே, அத்திறனை அளந்தறிவது மருத்துவத்தின் தேவையாகிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு டோட்டியும் குழுவினரும் உருவாக்கிய தேர்வு 1984இல் வெளிவந்தது. தாளைச் சுரண்டி முகர்ந்து, நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். இவ்வாறு 40 மணங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று 'ரூட் பீர்' என்னும் அந்நாட்டுப் பானத்தின் மணம்.

பழனிமலைத் தொடரிலுள்ள பாச்சலூரில் காப்பியும் மிளகும் பயிரிடும் உழவர் ஒருவரிடம் இத்தேர்வைத் தருவதாகக் கொள்வோம். ரூட் பீரின் மணத்தை அவர் மூக்கு நன்கு உணரும். ஆனால், அதன் பெயரை அவர் அறியார். மணத்தை உணர்தல் வேறு. பெயரிட்டு அறிதல் வேறு. பின்னதற்குப் பழக்கமும் நினைவும் வேண்டும். இவ்வேறுபாட்டைக் கருதாவிடில், நலமுள்ளவரும் குறையுடையவராகக் கணிக்கப்படுவார்.

அவ்வாறாயின், நம் மக்களுக்கேற்ற தேர்வை எவ்வாறு அமைப்பது? மல்லிகை, ஏலக்காய், பெருங்காயம், காப்பி போன்ற பழகிய மணங்களை முதலில் திரட்ட வேண்டும். நலமுள்ளோர் பலரிடம் அவற்றைத் தந்து, பெரும்பாலோர் சரியாகச் சொல்பவற்றை மட்டுமே கொள்ள வேண்டும். உடன் தரப்படும் பிற விடைகளும் அவர்கள் அறிந்த பொருள்களாகவே இருத்தல் வேண்டும். எழுத்தறியாதார்க்குப் படங்கள் உதவும். பின்னர், அகவைக்கேற்ற இயல்பான மதிப்பெண்ணை வரையறுக்க வேண்டும். முதுமையில் இத்திறன் இயல்பாகவே குறையும் அன்றோ?

பழகிய மணங்கள் எல்லாம் தேர்வுக்குப் பொருந்தும் என்பதும் இல்லை. கொடைக்கானல் பகுதியில் யூகலிப்டசுத் தைலத்தை அறியாதார் அரியர். எனினும், அதன் குளிர்ச்சியையும் நெடியையும் முகத்தின் முப்பெரு நரம்பும் உணர்கிறது. ஆதலால், மணமறியும் திறனை முற்றும் இழந்தவரும் அதனைக் கண்டுகொள்ளக்கூடும்.

இந்தியர்க்குப் பழகிய மணங்களைக் கொண்டு பார்க்கின்சன் நோயாளிகளிடம் நிகழ்த்தப்பட்ட ஆய்வொன்று 2013இல் 'நியூராலஜி இந்தியா' இதழில் வெளிவந்தது. எனினும், வடபுலத்தார்க்குப் பழகிய மணம் அனைத்தும் தென்புலத்தார்க்கும் பழகியது எனக் கொள்ளுதல் இயலாது. அளக்கப்படுவோரின் வாழ்வை அறிந்த அளவுகோலே நோயைச் சரியாகக் காட்டும்.