ஆர்.ஓ. வாங்குமுன் கிணற்று நீரை அளவுங்கள்

வீட்டுக்கு ஆர்.ஓ. வடிகட்டி போடலாமா என்று கேட்கும் வியாபாரச் சகோதரர்களுக்கு நான் சொல்வது: முதலில் கிணற்று நீரை அளவுங்கள்.

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட காத்தான்குடி போன்ற மணற்பாங்கான ஊர்களில் நன்னீர் உவர்நீருக்கு மேலேதான் நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். 2004 சுனாமி கரையோரக் கிணறுகளை உப்பாக்கியதையும் கண்டோம்.

கரைந்த உப்பைக் கரி வடிகட்டியோ யூ.வி. விளக்கோ அகற்றாது, ஆர்.ஓ. அகற்றும். டி.டி.எஸ். மீற்றர் லீற்றருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழ் காட்டினால் சுவை நல்லது, 1000க்கு மேல் குடிக்க ஒவ்வாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். குறைவாயின் உப்புக்காக ஆர்.ஓ. வேண்டியதில்லை. ஆனால் மலசலகூடக் குழியின் கிருமியை மீற்றர் காட்டாது, ஆய்வுகூடத்தில் சோதியுங்கள்.

வாங்கும் விலையோடு சவ்வு மாற்றும் செலவையும் கணக்கிடுங்கள். ஒரு லீற்றர் நன்னீருக்கு மூன்று லீற்றர் கழிவாகப் போவதும் உண்டு. அதை வீண்விரயம் செய்யாமல் முற்றம் கழுவ எடுங்கள்.